கூலி என்னும் சொல்

ஆங்கிலம் பயிலும் சீன மாணவனுக்கு அம்மொழி பெரிதும் அந்நியமானது. அதன் ஒலியும் எழுத்தும் இலக்கண அமைப்பும் அவனுடைய தாய்மொழிக்கு முற்றும் வேறானவை. பிரெஞ்சு மொழியோ ஜெர்மன் மொழியோ அறிந்தவன் ஆங்கிலம் கற்கும்போது, தெரிந்த சொற்களை அடிக்கடி எதிர்ப்படுவான். சீன மாணவனுக்கு அந்த வாய்ப்பு அரிது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றைக் கூறும் ஆங்கில நூலொன்றிலே 'கூலி' என்ற சொல்லை அவன் முதன்முதலாகக் காணும்பொழுது, அறியாத ஊரிலே தன் ஊரவன் ஒருவனைக் கண்டாற் போன்ற மகிழ்ச்சி அவனுக்கு உண்டாவது இயல்பே. ஏனெனில், ஏறக்குறைய அதே ஒலியும் அதே பொருளும் உடைய சொல் அவனுடைய மொழியிலும் இருக்கிறது. சுமை தூக்குவோனையும் உடல் வருந்தி உழைப்போனையும் சீனரும் 'கூலி' என்றே வழங்குவர்.

சீன எழுத்தில் அச்சொல் இரண்டு குறிகளால் எழுதப்படும். முதற்குறி 'கூ'. அதன் பொருள் கசப்பு. துன்பம் என்றும் பொருள்படும். அக்குறியின் தலையிலே புல்லைக் காட்டும் உறுப்பொன்று இருப்பதைக் காணலாம். ஆதியில் அது ஒரு பூண்டின் பெயராக இருந்தது என்பதற்கு அதுவே சான்று. இரண்டாங்குறி 'லி'. அதன் பொருள் வலிமை. இரண்டையும் கூட்டிப் படித்தால், துன்பத்தோடு செலவிடப்படும் உடல்வலிமை என்ற பொருள் கிடைக்கிறது. வெயிலில் மூட்டை சுமக்கும் மனிதனுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு யாது? ஆகவே மாணவன், இது தன் மொழிச் சொல்லே என்றும், தேநீரின் பெயரைச் சீனாவிலிருந்து பெற்றது போலவே ஆங்கிலேயர் இதனையும் பெற்றனர் என்றும் முடிவு செய்துவிடுகிறான்.

இந்த முடிவு அழகானது, ஆனால் உண்மையன்று. தொழிலாளியின் பெயராக வழங்கும் இச்சொல்லைச் சீனமொழி ஆங்கிலத்துக்குக் கொடுக்கவில்லை. ஆங்கிலேயர் முதலிய ஐரோப்பியரிடமிருந்து தான் பெற்றுக்கொண்டது. இதனை விளங்கிக்கொள்ள, சீனமொழி பிறநாட்டுச் சொற்களை ஏற்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். தமிழில் பிறமொழிச் சொல்லொன்று வந்தால் அதன் ஒலியை நெடுங்கணக்கைக் கொண்டு எழுதிவிடலாம். எழுத்துகளுக்குத் தனிப்பொருள் இல்லையாதலால் இடர்ப்பாடில்லை. சீனத்திலோ ஒவ்வொரு குறிக்கும் ஒலியும் உண்டு, பொருளும் உண்டு. பிறமொழிச் சொல்லின் ஒலியை எழுதப் புகுந்தால், குறிகளின் பொருளும் உடன் வந்து நிற்கும். சில வேளைகளில் அப்பொருள் சொல்லோடு சிறிதும் இயையாது. சாய்வு இருக்கையாகிய சோபாவை எழுதும் இரு குறிகளுள் முதலாவது மணலைக் குறிக்கும். இருக்கைக்கும் மணலுக்கும் உறவு யாதுமில்லை. வேறு சில வேளைகளில் ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துமாறு குறிகளைத் தேர்ந்தெடுப்பர். கிளப் என்னும் மன்றத்தின் பெயரை, அனைவரும் கூடி மகிழும் பகுதி என்று பொருள்தரும் மூன்று குறிகளால் யப்பானியர் எழுதினர். சீனரும் அதனையே ஏற்றுக்கொண்டனர்.

'கூலி' என்ற சொல்லும் இவ்வாறு வந்ததே. பிறநாட்டார் வாயிலிருந்து ஒலி வந்தது. அந்த ஒலிக்குக் குறி தேடிய சீனர், கசப்பையும் வலிமையையும் குறிக்கும் இரண்டு குறிகளைத் தேர்ந்தனர். சொல் முந்தியது, எழுத்து பிந்தியது. கன்ரன் நகரத்தாரின் பேச்சுமொழியில் இதே சொல்லை வேறு குறிகளால் எழுதும் வழக்கமும் உண்டு. அக்குறிகளின் பக்கத்திலே வாய் என்னும் உறுப்பு இடப்பட்டிருக்கும். பொருளை நோக்காது ஒலியை மட்டும் கொள்க என்று படிப்போனுக்கு அறிவிப்பதற்கு அவ்வுறுப்பை இடுவது கன்ரன் வழக்கு. அந்நகரத்தார் இதனைப் புறத்திலிருந்து வந்த ஒலியாகவே முதலிற் கருதினர் என்பதை அந்த எழுத்தே காட்டிக்கொடுக்கிறது.

புறத்திலிருந்து வந்தது எனின், எங்கிருந்து வந்தது? சீனக் கடலுக்குச் சென்ற ஐரோப்பியக் கப்பல்கள் பெரும்பாலும் இந்தியக் கரையைத் தொட்டே சென்றன. போர்த்துக்கேயர் கோவாவிலும் கொச்சியிலும் கால் ஊன்றிய பின்னரே 1557ஆம் ஆண்டளவில் மக்காவோவிற் குடியேறினர். ஆங்கிலேயக் கம்பனியார் சென்னையில் நிலம் பெற்றது 1639ஆம் ஆண்டில். 1757ஆம் ஆண்டு முதல் 1842ஆம் ஆண்டு வரை மேலைநாட்டுக் கடல்வாணிகம் முழுவதும் கன்ரன் துறைக்கே வரையறுக்கப்பட்டிருந்தது. அத்துறையிலே வணிகரும் மாலுமிகளும் சுமைகாரரும் கலந்து பேசிய கொச்சை ஆங்கிலத்தில் இந்தியச் சொற்கள் பல வழங்கின. அவற்றுள் ஒன்றே கூலி. பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்துக்கேய எழுத்துகளிலும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆவணங்களிலும் அச்சொல் இந்தியாவைப் பற்றிய செய்திகளிலேயே காணப்படுகிறது. ஆகவே அதன் பிறப்பிடத்தை இந்தியாவிலேதான் தேடுதல் வேண்டும்.

இந்தியாவில் தேடும்போது மூன்று கருத்துகள் எதிர்ப்படுகின்றன. குசராத்துக் கரையிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழும் கோலி என்னும் மக்களின் பெயரே இவ்வாறு திரிந்தது என்பது முதலாவது. அவருட் பலர் உழவும் மீன்பிடியும் செய்தனர். சுமை தூக்கும் பணிக்கும் சென்றனர். போர்த்துக்கேயர் அவரை நன்கு அறிந்திருந்தனர். துருக்கி மொழியில் அடிமை எனப் பொருள்படும் 'குல்' என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்பது இரண்டாவது. கோல்கொண்டாவை ஆண்ட சுல்தான்களின் பெயர்களிலே 'குலி' என்று வருவது அச்சொல்லே. அடிமை என்னும் பணிவுப் பொருளில் அரசரும் அதனைத் தரித்தனர். வேலைக்குப் பெறும் ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகிய கூலியே மூலம் என்பது மூன்றாவது.

அறிஞர் இவற்றுள் ஒன்றினை ஐயந்திரிபற நிலைநாட்டினர் என்று கூறுவதற்கில்லை. வடமொழிப் புலமை மிக்க வில்சன் என்பார் 1855ஆம் ஆண்டில் வெளியிட்ட சொற்றொகுதியிலே தமிழ் மூலத்தையே உண்மை மூலமாகக் கொண்டார். யூல், பேர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886ஆம் ஆண்டில் வெளிவந்த 'கொப்சன் யொப்சன்' என்னும் புகழ்பெற்ற அகராதி, குசராத்துக் கோலி மக்களின் பெயரையே முதன்மையாகக் கொண்டது. ஆயினும் தென்னாட்டில் தமிழ்ச் சொல்லின் பொருளும் இதனோடு வந்து கலந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. பேர்னல் தஞ்சாவூரிலே நீதிபதியாக இருந்தவர். தென்னாட்டு மொழிகளை அறிந்தவர். ஆகவே, இச்சொல் தமிழே என்று முழங்குவது ஆராய்ச்சி நெறியாகாது. தமிழுக்கு இதில் பங்கில்லை என்பதும் நெறியாகாது. இரண்டு நீரோடைகள் ஓர் ஆற்றில் வந்து சேர்ந்தபின், இத்துளி இவ்வோடையினது என்று பிரித்தல் இயலுமா? சோழமண்டலக் கரையில் ஆள்வைத்து வேலை வாங்கிய ஐரோப்பியர், நாள்தோறும் தமிழர் வாயிற் கேட்ட சொல் கூலி என்பதேயாம். அச்சொல்லின் வலிமையே தென்னாட்டில் இவ்வழக்கை நிலைக்கச் செய்தது என்று கொள்வதிற் பிழையில்லை.

இனி, தமிழிலே அச்சொல்லின் பொருள் யாது என்று பார்த்தல் வேண்டும். கூலி என்பது மனிதனின் பெயரன்று. அது மனிதனுக்குச் சேரவேண்டிய பொருளின் பெயர். நாட்கூலி, வண்டிக்கூலி, பொற்கொல்லன் பெறும் செய்கூலி என்று வழங்கும் தொடர்களை நோக்குக. எங்கும் அது உழைப்பின் விலையையே குறிக்கிறது. அதனைப் பெறுவோனைச் சுட்ட வேண்டுமாயின், தமிழ் மற்றொரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளும். கூலியாள் என்றோ கூலிக்காரன் என்றோ சொல்லும். கூலி வேறு, ஆள் வேறு. ஆள் கூலியைப் பெறுவான். பெற்றபின் தன் வீட்டுக்குச் செல்வான். திருக்குறளின் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். ஊழ் துணைசெய்யாத இடத்தும், உடல் வருந்திய முயற்சி தனக்குரிய பயனைத் தந்தே தீரும் என்பது அங்கே அவர் கூறும் கருத்து. அப்பயனுக்கு அவர் இட்ட பெயரே கூலி. விதியும் மறுக்க முடியாத உரிமையின் பெயராக அச்சொல் அங்கே நிற்கிறது.

ஐரோப்பியர் வாயிற் புகுந்தபோது நிகழ்ந்த மாற்றம் இதுவே. கூலியாள் என்னும் தொடரில் ஆள் உதிர்ந்தான். கூலி மட்டும் நின்றது. உழைப்பவன் பெறும் காசின் பெயரே உழைப்பவனின் பெயராயிற்று. சொல் சுருங்குவது மொழியில் இயல்பே. ஆனால் மனிதன் நீங்கி விலை மட்டும் எஞ்சிய இந்தச் சுருக்கம், பின்னர் உலகில் நிகழ்ந்தவற்றுக்கு ஒரு முன்னறிவிப்புப் போல அமைந்துவிட்டது.

பிரித்தானியப் பேரரசிலே அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833ஆம் ஆண்டில் நிறைவேறி, 1834ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அடிமைகள் நீங்கிய கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. மொரீசியசுத் தீவுக்கு 1834ஆம் ஆண்டிலும், பிரித்தானியக் கயானாவுக்கு 1838ஆம் ஆண்டிலும் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தத்தின் பேரில் ஏற்றிச் செல்லப்பட்டனர். இசுப்பானியரின் ஆட்சியிலிருந்த கியூபாவுக்குச் சீனரை ஏற்றிய முதற்கப்பல் 1847ஆம் ஆண்டிற் சென்றது. 1849ஆம் ஆண்டு முதல் பேரு நாட்டுக்கும் சீனர் கொண்டுசெல்லப்பட்டனர். 1874ஆம் ஆண்டு வரையிலே கியூபாவுக்கு மட்டும் ஏறக்குறைய 125,000 சீனர் அனுப்பப்பட்டனர். இந்தியனுக்கும் சீனனுக்கும் ஒரே பெயர் இடப்பட்டது. இருவரும் கூலிகள், அவரை ஏற்றி இறக்கும் தொழில் கூலி வாணிகம். சோழமண்டலக் கரையின் சொல் சீனக் கரையின் மக்களுக்குப் பெயராகி, அத்திலாந்திக்குக் கடலையும் தாண்டியது.

கியூபாவுக்குச் சென்ற சீனன் எட்டு ஆண்டுகள் உழைப்பதாகக் கைச்சாத்திட்டான். அவனுக்கு மாதச் சம்பளம் நான்கு பெசோ. எழுத்தில் அது ஒப்பந்தமே; நடைமுறையில் அது என்னவாயிருந்தது என்பதைச் சீனரே மற்றொரு பெயரால் உணர்த்தினர். அந்த வாணிகத்தைக் கன்ரன் மக்கள் பன்றிக்குட்டி விற்றல் என்றனர். தரகர் இளைஞரை ஆசைகாட்டியும் ஏமாற்றியும் வலிந்து பிடித்தும் கொட்டில்களில் அடைத்து, கப்பல் வந்ததும் ஏற்றி அனுப்பிய முறைக்கு அப்பெயர் மிகையன்று. அமோய் நகரத்தில் 1852ஆம் ஆண்டிலே மக்கள் இந்தத் தரகருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர்.

ஈற்றிலே சீன அரசாங்கம் சென் லான்பின் என்னும் அதிகாரியின் தலைமையில் ஓர் ஆணைக்குழுவைக் கியூபாவுக்கு அனுப்பியது. அக்குழு 1874ஆம் ஆண்டில் அங்கே சென்று தொழிலாளரிடம் நேரிற் கேட்டறிந்தது. 1,176 பேர் வாய்மொழியாகச் சாட்சியம் அளித்தனர். 85 மனுக்கள் எழுத்திற் கையளிக்கப்பட்டன. அவற்றிற் கையொப்பமிட்டோர் 1,665 பேர். சாட்சியம் அளித்தவருட் பத்தில் எட்டுப் பங்கினர் தாம் கடத்தப்பட்டோ ஏமாற்றப்பட்டோ வந்ததாகக் கூறினர். இந்த விசாரணையிற் கவனிக்கத்தக்க சிறப்பொன்று உண்டு. அதுவரையிற் கணக்கேடுகளிலே கூலிகள் என்று தொகையாக எண்ணப்பட்டவர், இங்கே இன்ன ஊரான், இன்ன பெயரான் என்று தனித்தனியே பேசினர். உதிர்ந்துபோன ஆள் திரும்பி வந்து தன் வாயாற் சாட்சி சொன்னான். 1877ஆம் ஆண்டில் இசுப்பானியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையினால் அந்த ஒப்பந்த முறை முடிவுற்றது.

தென்னாபிரிக்காவிலே இச்சொல் மற்றொரு படி கீழிறங்கியது. 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முதற்கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலைச் சேர்ந்தது. அதன்பின் 1911ஆம் ஆண்டு வரையில் ஏறக்குறைய 152,000 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக அங்கே சென்றனர். அவருட் பெரும்பாலார் சென்னைத் துறையிலிருந்து சென்றவர். முதலில் தோட்டத் தொழிலாளியைச் சுட்டிய சொல், விரைவில் இந்தியர் அனைவரையும் சுட்டலாயிற்று. வணிகன் கூலி வணிகனானான். ஆசிரியன் கூலி ஆசிரியனானான். 1893ஆம் ஆண்டில் அங்கே சென்ற காந்தியடிகள், தாம் கூலி பாரிஸ்டர் எனப்பட்டதைத் தம் வாழ்க்கை வரலாற்றிற் குறிப்பிட்டிருக்கிறார். தமிழரின் பெயர்களில் வரும் சாமி என்ற ஈற்றையும் வெள்ளையர் இழிவுப் பெயராக வழங்கினர் என்றும், அச்சொல்லுக்குத் தலைவன் என்பதே பொருள் என்பதை அவர் அறிந்திலர் என்றும் அவர் எழுதினார். திரான்சுவால் நாட்டின் 1885ஆம் ஆண்டு மூன்றாஞ் சட்டத்திலே, ஆசிய மக்களைச் சுட்டும் வாசகத்தில் கூலிகள் என்பதும் ஓர் இனப்பெயர் போல இடம்பெற்றது. வேலையைக் குறித்த சொல் பிறப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. வேலையை மனிதன் விட்டுவிடலாம். பிறப்பை எவ்வாறு விடுவது?

அதே திரான்சுவால் நாட்டுக்கு 1904ஆம் ஆண்டு முதல் 63,000க்கு மேற்பட்ட சீனர் தங்கச் சுரங்கங்களில் உழைப்பதற்குக் கொண்டுவரப்பட்டனர். அவரும் கூலிகள் என்றே அழைக்கப்பட்டனர். இவரைத் தவிர, தம் செலவிலே வந்து சிறுவாணிகம் செய்த சீனரும் அங்கே இருந்தனர். ஆசிய மக்கள் அனைவரும் விரலடையாளமிட்டுப் பதிவுச்சீட்டு வைத்திருத்தல் வேண்டும் என்று 1907ஆம் ஆண்டிலே சட்டம் வந்தபோது, இந்தியரும் இச்சீனரும் சேர்ந்து அதனை எதிர்த்தனர், சிறையும் சென்றனர். 1908ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், யொகானஸ்பேர்க் சிறையிலிருந்து அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் சென்றது. அதிற் கையொப்பமிட்டோர் மூவர். குசராத்தியராகிய காந்தி ஒருவர். தமிழராகிய தம்பி நாயுடு ஒருவர். சீனராகிய லியூங் குவின் ஒருவர். கூலி என்னும் சொல்லின் பிறப்பிடம் குசராத்தோ தமிழகமோ என்று அறிஞர் வாதிட்டனர்; சீனாவே என்று சீன மாணவன் எண்ணினான். அம்மூன்று நாட்டாரும் அச்சொல்லினால் ஒருங்கே இகழப்பட்ட மண்ணில், தம் சொந்தப் பெயரை எழுதி ஒரே தாளில் ஒன்றுபட்டனர்.

உலகப்போர்க் காலத்திலும் இச்சொல் ஓயவில்லை. 1917ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய 95,000 சீனர் பிரித்தானியப் படையின் தொழிற்பிரிவிற் சேர்ந்து பிரான்சிலே பதுங்குகுழி வெட்டினர், சுமை ஏற்றினர், பாதை சமைத்தனர். படை ஏடுகளில் அவருக்கு வழங்கிய பெயரும் கூலியே. ஒவ்வொருவரின் மணிக்கட்டிலும் எண் பொறித்த பித்தளை வளையமொன்று பூட்டப்பட்டது. வடபிரான்சிலே நுவயேல் என்னும் சிற்றூரில் உள்ள மயானத்தில் அவருட் 840க்கு மேற்பட்டோர் துயில்கின்றனர். உயிரோடிருந்தபோது எண்ணாக இருந்தவரின் பெயர்களை, அங்குள்ள கற்களிலே சீன எழுத்தில் இன்றும் படிக்கலாம்.

இலங்கையும் இக்கதைக்குப் புறம்பானதன்று. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரை ஆங்கிலேயர் கூலிகள் என்றே ஏட்டில் எழுதினர். அவர் வாழ்ந்த வரிசைக் குடியிருப்புகளையும் அச்சொல்லாலேயே குறித்தனர். ஆனால் அத்தொழிலாளரின் பேச்சிலே வேறொரு வழக்கு உண்டு. ஒரு நாளைக்குரிய வேலையைச் செய்து அதற்குரிய சம்பளத்துக்கு உரியவராவதை அவர் 'பேர்' என்பர். குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்னும் ஏட்டிலே தம் பெயருக்கு நேரே வேலை பதியப்படுவதிலிருந்து எழுந்த வழக்கு அது. துரையின் ஆங்கிலம் மனிதனின் பெயரைக் கூலியாக்கியது. தொழிலாளியின் தமிழ் கூலியின் பெயரைப் பேர் ஆக்கியது. எவர் மனிதனை மறவாதிருந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அங்கே அவர் பறித்த இலையின் பெயரையும் எண்ணிப் பார்த்தல் தகும். தேயிலை என்பதன் முதலில் நிற்கும் 'தே', அமோய் முதலிய தென்சீனத் துறைகளில் வழங்கிய சொல். ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி உலகெங்கும் பரவியது. சீனச் சொல்லால் அமைந்த பெயருடைய இலையைத் தமிழன் பறித்தான். தமிழ்ச் சொல்லின் சாயல் படிந்த பெயரைச் சீனன் சுமந்தான். வாணிகம் இரண்டு மொழிகளிலிருந்தும் எடுத்தது. ஒன்றிலிருந்து பண்டத்தின் பெயரை எடுத்தது. மற்றதிலிருந்து அதனை உண்டாக்குவோனின் ஊதியத்தை எடுத்து, அவனுக்கே பெயராகச் சூட்டியது.

இனி, ஆங்கிலம் பயிலும் சீன மாணவனுக்கு ஆசிரியர் சொல்லவேண்டியவை சில. ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதலெழுத்துகள் குளிர்மையைக் குறிக்கும் 'கூல்' என்ற சொல்லின் எழுத்துகளே. அதனைக் கண்டு இரண்டும் உறவுடையன என்று அவன் எண்ணலாகாது. அது வெறும் எழுத்தொப்புமை. அடுத்து, சீனத்தில் இச்சொல் கடின வேலையைக் குறிக்கப் பேச்சிற் சாதாரணமாக வருவதுண்டு. கடின வேலை செய்தேன் என்று ஒருவன் தன்னைப் பற்றியே அவ்வாறு கூறலாம். ஆங்கிலத்தில் அவ்வாறு வழங்கலாகாது. இக்காலத்து ஆங்கில அகராதிகள் இதனை இழிவுச் சொல் என்று குறித்திருக்கின்றன. தென்னாபிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இந்திய மரபினரை நோக்கி இதனைச் சொல்வது பெரும் அவமதிப்பாகும். வரலாற்று நூலைப் படிக்கும்போது பொருள் அறிந்துகொள்வதற்கே இச்சொல் அவனுக்கு வேண்டும். எதிரில் நிற்கும் மனிதனை அழைப்பதற்கு வேண்டியதில்லை. தொழிலாளி என்பதற்கும் சுமைகாரன் என்பதற்கும் ஆங்கிலத்தில் வேறு நல்ல சொற்கள் உள்ளன.

இந்தியாவிலும் இவ்வுணர்வு இல்லாமல் இல்லை. புகையிரத நிலையங்களிற் பயணிகளின் பெட்டிகளைச் சுமப்போர் நெடுங்காலமாகக் கூலி என்றே அழைக்கப்பட்டனர். 2016ஆம் ஆண்டின் இந்திய இரயில்வே வரவுசெலவுத் திட்டத்திலே, அவரை இனிச் 'சகாயக்', அதாவது உதவியாளர், என்று அழைப்பதாக அறிவிக்கப்பட்டது. பெயரை மாற்றிய அளவிற் சுமை குறைந்துவிடாது என்று சிலர் கூறலாம். உண்மையே. ஆயினும், சுமப்பவன் மனிதன் என்ற நினைவு சுமத்துவோனுக்கு வருவதற்குப் பெயர் ஒரு வழியாகிறது. மொரீசியசு நாட்டுக் கவிஞரான கால் தொராபுள்ளி என்பார் வேறொரு வழியை மேற்கொண்டார். இச்சொல்லை மறைக்காமல், அதிலிருந்தே 'கூலித்துவம்' எனத்தக்க புதுச்சொல்லை ஆக்கி, கடல் கடந்த அம்மக்களின் நினைவைப் போற்றும் கருத்துக்கு 1992ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே பெயராக இட்டார். ஒருவர் சொல்லை நீக்கினார். மற்றவர் சொல்லை நிமிர்த்தினார். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே.

சொற்பிறப்பு ஆராய்ச்சியை அகராதிக்காரரின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உண்டு. ஆயினும் இச்சொல்லின் வரலாற்றை அறிந்த மாணவன் வெறும் பொருளை மட்டும் அறிந்தவனாகான். தமிழிலே உரிமையைக் குறித்த சொல், ஆங்கிலத்திலே மனிதனை விழுங்கியது. சீனத்திலே அம்மனிதன் பட்ட துன்பத்தை எழுத்தில் வரைந்து காட்டியது. கசப்பும் வலிமையும் என்று குறியிட்ட சீனர் சொல்லின் மூலத்தை அறிந்து அவ்வாறு எழுதியவரல்லர். ஆயினும் அதனைச் சுமந்தவனின் வாழ்வை அறிந்தே எழுதினர் என்று தோன்றுகிறது. அவர் எழுதியதில் விடுபட்டது ஒன்றே, உழைத்தவனுக்குச் சேரவேண்டியது. தமிழ்ச் சொல் ஆதியிற் குறித்ததும் அதனையே. சீன மாணவனுக்கு இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், கரும்பலகையில் அவ்விரு குறிகளையும் எழுதி, அவற்றின் பக்கத்திலே தமிழ்ப் பொருளையும் எழுதிக் காட்டுவாராயின், பாடம் நிறைவெய்தும்.